சாய்தளம் கெடுவது இரண்டு முனைகளில்: சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை அளந்து, திட்டமிட்டு, கட்டி முடிக்க

எங்கள் வீட்டு வாசலில் முதலில் கட்டிய சாய்தளத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். சரிவு சரி, அகலம் சரி, கைப்பிடிகூடப் பளபளவென்று இருந்தது. ஆறாவது மாதம் ஒருநாள் இறங்கும்போது, அப்பாவின் நாற்காலி அடிவாரத்தில் சட்டென்று நின்றது. அப்பா நிற்கவில்லை. தளமும் தரையும் சேரும் இடத்தில் சிமென்ட் பொரிந்து, கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முன்னாலிருக்கும் சின்னச் சக்கரம் அதில் இறங்கி முட்டிக்கொண்டது. உள்ளங்கைகள் சிராய்த்ததோடு போயிற்று.

அதை உடைத்து மறுபடி கட்டியபோதுதான் புரிந்தது. சாய்தளம் என்றாலே எல்லாரும் சரிவைப் பற்றியே பேசுகிறோம். சரிவு ஒரு வகுத்தல் கணக்கு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆபத்து பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது: மேலே கதவுக்கு முன்னால், கீழே தரையைத் தொடும் இடத்தில். இந்த வழிகாட்டியும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிக நேரம் நிற்கும்.

கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (ஏடிஏ) 2010 அணுகல் தரநிலையை ஒட்டியவை. பொதுக் கட்டடங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் வீட்டுக்கும் நல்ல அடிப்படை. உங்கள் ஊர்க் கட்டட விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அனுமதி தேவையா என்பதையும், பொதுவழியில் நீட்டிக்கொண்டு வருகிறதா என்பதையும் மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆளையும் நாற்காலியையும் அளந்துகொள்ளுங்கள்

யார் பயன்படுத்தப் போகிறார்? தானே கையால் சக்கரத்தை உருட்டுபவரா, பின்னால் ஒருவர் தள்ளுவாரா, பேட்டரி நாற்காலியா? மூன்றுக்கும் வெவ்வேறு சாய்தளம் வேண்டியிருக்கும். பேட்டரி நாற்காலியின் எடையே 100 கிலோவைத் தாண்டலாம். ஆளும் உட்கார்ந்தால் 200 கிலோ சாதாரணம். எவ்வளவு சரிவில் ஏறலாம் என்பது அதன் கையேட்டில் இருக்கும், பாருங்கள். தள்ளுபவர் வயதான மனைவி என்றால், அவருடைய முழங்காலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாற்காலியின் மொத்த அகலத்தை, சக்கரத்தைச் சுற்றியிருக்கும் கைவளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து அளக்க வேண்டும். கால் வைக்கும் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கீழ்முனைக்குப் போகும்போது தேவைப்படும்.

அடுத்து வாசல். கதவை முழுக்கத் திறந்து வைத்து, கதவுப் பலகைக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தை அளக்கவும். 81.5 செ.மீ. இருந்தால் நல்லது. நிலையின் அகலத்தை அளந்துவிட்டு, திறந்த கதவின் தடிமனை மறந்துவிடுவது வழக்கமான தப்பு. சாய்தளம் முடிந்து வண்ணம் பூசிய பிறகு வாசலில் நாற்காலி நுழையவில்லை என்றால் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

உயரம்: படியை எண்ணினால் போதாது

மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ., ஆக 45 செ.மீ. என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். சாய்தளம் படிக்குக் கீழே போய் முடிவதில்லை. பல மீட்டர் தள்ளிப் போய் முடிகிறது. அங்கே தரை இன்னும் தாழ்ந்திருக்கலாம். தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காக, வீட்டைச் சுற்றியுள்ள தரையை வெளிநோக்கிச் சரித்துத்தான் பொதுவாக அமைப்பார்கள்.

எடுத்துக்காட்டாக, வாசல் மட்டம் படியடித் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். தரை ஒவ்வொரு மீட்டருக்கும் 1 செ.மீ. தாழ்கிறது. 1:12 சரிவுக்கு, அதாவது 1 செ.மீ. உயர 12 செ.மீ. நீளம் என்ற சரிவுக்கு, 45 செ.மீ.யை 12ஆல் பெருக்கினால் 5.4 மீட்டர். மேலே கதவுக்கு முன்னால் விடும் 1.5 மீட்டர் சமதளத்தையும் சேர்த்தால் அடிவாரம் சுவரிலிருந்து 6.9 மீட்டரில் வருகிறது. அங்கே தரை 7 செ.மீ. தாழ்ந்திருக்கும். ஆக உயரம் 52 செ.மீ., நீளம் 6.24 மீட்டர். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதால் உயரம் மறுபடி கூடும். இப்படி இரண்டு மூன்று முறை போட்டால் கிட்டத்தட்ட 6.35 மீட்டரில் கணக்கு நிலைத்துவிடும். முதலில் நினைத்ததைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதல்! இதைக் கவனிக்காமல் தொடங்கியவர்கள்தான் கடைசி ஒரு மீட்டரில் சரிவைச் செங்குத்தாக்கி முடிக்கிறார்கள்.

இதை அளக்க டியூப் லெவல் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் தண்ணீர் மட்டம் வாசல் மட்டத்தோடு நிற்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனையைச் சாய்தளம் முடியும் இடத்தில் ஒரு கம்பில் கட்டுங்கள். அங்கே தண்ணீர் நிற்கும் உயரம்தான் உங்கள் உண்மையான உயரம்.

சரிவு

1:12 என்பது மேல் எல்லை. அதுதான் இலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1:12 சரிவில் ஏற்ற, உராய்வைச் சேர்க்காமலே 8 கிலோவுக்கு மேல் எடை தூக்கும் விசை தேவை. 1:8 ஆனால் 12 கிலோவுக்கு மேல். 1:6 ஆனால் 16 கிலோவுக்கு மேல். அதைத் தோள் மட்டும் செய்ய வேண்டும், அதுவும் ஒவ்வொரு தள்ளலுக்கும் நடுவே பின்னால் உருளாமல். செங்குத்தான சரிவில் இன்னொன்றும் நடக்கும். ஆளின் பாரம் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போய், நாற்காலி மல்லாந்துவிடும்.

தானே உருட்டிக்கொள்பவருக்கு 1:16 வைக்க முடிந்தால் வையுங்கள். முற்றம் பெரிதாக இருந்தால் 1:20 இன்னும் நல்லது. அந்தச் சரிவை ஏடிஏ சாய்தளமாகவே கணக்கில் எடுப்பதில்லை, சாதாரண நடைபாதைதான். மண் நிரப்பி, இருபுறமும் செடி வைத்து, வளாகத்துக்குள் ஒரு பாதையாகவே கொண்டுபோய்விடலாம்.

இடமே இல்லாத பழைய கட்டடங்களுக்கு ஒரு சலுகை உண்டு: உயரம் 15 செ.மீ.க்குள் என்றால் 1:10 வரை, 7.5 செ.மீ.க்குள் என்றால் 1:8 வரை. ஒற்றைப் படிக்கு மட்டும் சரிவரும். மூன்று படி உயரத்தை 1:6 சரிவில் ஏற்றும் தளத்தைக் கட்டாமலே இருப்பது நல்லது. இடம் பற்றவில்லை என்றால் மடக்குப் பாதை, அதுவும் முடியாவிட்டால் செங்குத்தாக ஏற்றி இறக்கும் மேடை லிஃப்ட், இவை இரண்டுதான் நேர்மையான வழிகள்.

பாதையும் அகலமும்

கைப்பிடிகளுக்கு இடையே குறைந்தது 91.5 செ.மீ. தாராளமாக 1.2 மீட்டர் வைத்தால் பக்கத்தில் ஒருவர் நடந்து வரலாம். ஆனால் இரண்டு கையாலும் இருபக்கக் கம்பியையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுபவர்களுக்கு 90 சொச்சமே வசதி. அதிக அகலம் அவர்களுக்கு எட்டாது.

ஒரே ஓட்டமாக 76 செ.மீ. உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. அதற்குள் 1.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு சமதளம் வந்தாக வேண்டும். 1:12 சரிவில் அது 9 மீட்டர் நீண்ட ஏற்றம். கையால் உருட்டுபவரிடம் இதைக் கேட்பது கொஞ்சம் அநியாயம் என்பது என் எண்ணம். பாதியிலேயே ஒரு சமதளம் கொடுத்துவிடுங்கள். திரும்பும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் சமமாக வேண்டும்.

வளைந்த சாய்தளம் படத்தில் அழகாக இருக்கும். ஏறும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு சரிவில் இருக்கும். நான்கில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். வேண்டாம். குறுக்குச் சரிவும், அதாவது பாதை ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதும், அப்படித்தான். 1:48க்கு மேல் போனால் நாற்காலி ஒருபக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், அந்தப் பக்கக் கை ஓய்ந்துவிடும்.

மேல்முனை: கதவுக்கு முன்னால்

வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவை நாற்காலியில் இருந்தபடி திறந்து பாருங்கள். முதலில் கைப்பிடியை எட்ட வேண்டும். பிறகு கதவை இழுத்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும், கதவு முழங்காலைத் தாண்டும்வரை. அந்த நேரத்தில் ஒரு கை கதவில் இருக்கும், இன்னொரு கை ஒரு சக்கரத்தில். பின்னால் இருப்பது சரிவு என்றால் நாற்காலி உருளத் தொடங்கும். பிடிக்க மிச்சம் கை இல்லை.

அதனால்தான் மேல் சமதளம் 1.5 மீட்டர். அதோடு, கதவின் தாழ்ப்பாள் பக்கம் நிலையைத் தாண்டி இன்னும் 45 செ.மீ. இடம் விடுங்கள். அந்த ஓரத்தில் ஒதுங்கி நின்றால்தான் கதவு தன்மேல் இடிக்காமல் திறக்கலாம். கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி மாற்ற முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். சமதளம் என்றாலும் தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க வெளிநோக்கி 1:48க்கு மிகாத ஒரு மெல்லிய வாட்டம் கொடுங்கள்.

நிலைப்படி என்னவாகிறது? சமதளத்துக்கும் உள்தரைக்கும் நடுவே செங்குத்தாக 6 மி.மீ. வரை இருக்கலாம். 13 மி.மீ. வரை என்றால் மிச்சத்தைச் சரித்துச் செதுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அதற்கென ஒரு குட்டிச் சரிவுப்பலகை வைக்க வேண்டும். முன்சக்கரம் உள்ளங்கை அளவுதான். பெரிய சக்கரம் தாண்டும் மேட்டில் அது முட்டி நின்றுவிடும்.

கைப்பிடி, ஓரத்திட்டு

உயரம் 15 செ.மீ.யைத் தாண்டினாலே இருபுறமும் கைப்பிடி வேண்டும். தளத்திலிருந்து 86 முதல் 96 செ.மீ. உயரத்தில், 32 முதல் 51 மி.மீ. வெளிவிட்டமுள்ள உருண்டைக் குழாய். சுவரை ஒட்டி வந்தால் இடையில் 38 மி.மீ. இடைவெளி, இல்லையென்றால் விரல் மாட்டும். நாற்காலியில் இருப்பவருக்கென்று 70 செ.மீ. அளவில் இரண்டாவது கம்பி ஒன்றையும் நான் சேர்ப்பேன். மேலும் கீழும் சரிவு முடிந்த பிறகும் கம்பி 30 செ.மீ. கிடையாக நீண்டு, பிறகு சுவர்ப்பக்கமோ தரைப்பக்கமோ மடங்க வேண்டும். அறுத்துவிட்ட முனை சட்டைக் கையில் மாட்டி ஆளை இழுத்துவிடும்.

ஓரத்திட்டு 10 செ.மீ. உயரம் போதும். சக்கரம் விலகினாலும் திட்டில் உரசி நிற்கும். திட்டின் அடியில் ஆங்காங்கே சிறு துளை விடுங்கள், மழைநீர் வெளியேற.

எதில் கட்டுவது

நிரந்தரம் என்றால் கான்கிரீட். வாடகை வீடு, அல்லது சில மாதத் தேவை என்றால் அலுமினியச் சாய்தளம். மேல் விளிம்பைக் கட்டாயம் பூட்ட வேண்டும். இரண்டு தனித்தனிக் கால்வாய் போன்ற தடங்கள் விற்கிறார்கள், பின்னால் தள்ளுபவர் கால் வைக்க நடுவில் ஒன்றுமே இருக்காது. இரும்பில் கட்டினால் புள்ளி போட்ட தகடு நனைந்ததும் வழுக்கும். மணல் கலந்த வழுக்காப் பூச்சு தேவை. வெயிலில் சுடும் என்பதும் நினைவிருக்கட்டும். மரம் என்றால் கரையானும் ஈரமும் தாக்காமல் பதப்படுத்திய மரம். தாங்கு சட்டங்கள் 40 செ.மீ.க்கு ஒன்று, மேல் பலகைகள் போகும் திசைக்குக் குறுக்காக, இடைவெளி 6 மி.மீ. அளவில். பலகையை நீளவாக்கில் போட்டால் சக்கரம் இடைவெளியில் சிக்கும்.

பளபளப்பான டைல்ஸ், மெருகேற்றிய கிரானைட் இரண்டும் வெளியில் வேண்டவே வேண்டாம்.

கான்கிரீட் வேலை

முளை அடித்து நூல் கட்டிப் பாதையைக் குறியுங்கள். மேல்மண்ணை 15 முதல் 20 செ.மீ. வெட்டி எடுத்துவிடுங்கள், அதில் வேரும் மக்கும் இருக்கும். இருபுறமும் அஸ்திவாரம் போட்டு, சரிவுக்குத் தக்கபடி பக்கச்சுவர் எழுப்புங்கள். சுவர்களுக்கு நடுவே மண் நிரப்புவதில்தான் பல சாய்தளங்கள் தோற்கின்றன. உடைத்த பூச்சுக் குப்பையையும் களிமண் கட்டியையும் ஒரே நாளில் கொட்டி, மேலே கான்கிரீட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். அடுத்த மழையில் உள்ளே மண் இறங்கும், தளம் அந்தரத்தில் நின்று வெடிக்கும். 15 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஈரப்படுத்தி, ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் விழக்கூடாது. அதன்மேல் 10 செ.மீ. ஜல்லி, பிறகு பாலித்தீன் விரிப்பு.

கம்பி 8 மி.மீ., 20 செ.மீ. இடைவெளியில் இருவாட்டத்திலும். கவர் பிளாக் எனும் சிறு சிமென்ட் கட்டைகளை அடியில் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். தரையில் படுத்துக்கிடக்கும் கம்பியால் பயனில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி 12 மி.மீ. தக்கையோ நார்ப்பலகையோ வையுங்கள். வீடும் சாய்தளமும் ஒரே மாதிரி இறங்காது, இரண்டையும் ஒட்டிவிட்டால் விரிசல் நிச்சயம். கைப்பிடித் தூண்களுக்கான அடித்தகடு, நட்டுபோல்ட் எல்லாவற்றையும் இப்போதே பொருத்திவிடுங்கள்.

தளம் 10 முதல் 12 செ.மீ. கனம், கலவை 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி). தண்ணீர் குறைவாக, கெட்டியாக இருக்கட்டும். தளர்ந்த கலவை சரிவில் வழிந்துவிடும். கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். மேலிருந்து தொடங்கினால், இறுக்கும்போது போட்டதெல்லாம் கீழே இழுத்துக்கொண்டு வரும். இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால்பங்கு ஆழம். விரிசல் வந்தால் அந்தக் கோட்டில் வரட்டும்.

சரிவைச் சோதிக்க ஒரு எளிய வழி. 60 செ.மீ. ரசமட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனைக்கு அடியில் சரியாக 5 செ.மீ. கட்டை ஒன்றை நூலால் கட்டிவிடுங்கள். கட்டை கீழ்ப்பக்கம் வரும்படி சரிவில் வைத்தால், குமிழி நடுவில் நின்றால் 1:12. கட்டைப் பக்கம் இன்னும் தாழ்ந்து, குமிழி எதிர்ப்பக்கம் ஓடினால் சரிவு அதிகம். கலவை இறுகுவதற்குள் கீழிருந்து மேல்வரை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்துவிடலாம். கொத்தனாரின் கண் நல்ல கண்தான், இருந்தாலும் கட்டையை நம்புங்கள்.

மேலே மிதக்கும் தண்ணீர் வற்றும்வரை காத்திருங்கள். அவசரத்துக்குச் சிமென்ட் தூவி இழுத்தால் மேல்தோல் பின்னால் உரியும். மணியாஸ் கட்டையால் சமப்படுத்திவிட்டு, விறைப்பான துடைப்பத்தைக் குறுக்காக ஒரே இழுப்பில் இழுங்கள். அந்தக் கோடுகள்தான் மழைநாளில் பிடிப்பு. வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தால்தான் நல்ல வேலை என்று நினைப்பவர்களிடம் இதை முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

குறைந்தது 7 நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். அதுவரை நாற்காலி ஏறக்கூடாது.

கீழ்முனை: தரையைத் தொடும் இடம்

எங்கள் முதல் சாய்தளத்தில் கொத்தனார் கலவையைக் கரணையால் இழுத்து இழுத்து, அடிவாரத்தில் காகிதம்போல மெல்லியதாக்கித் தரையோடு கலக்கவிட்டார். பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஆனால் 1 செ.மீ. கனத்தில் ஜல்லியே நிற்காது, வெறும் சாந்துதான் இருக்கும். சக்கரம் ஏற ஏற அது பொரிந்து போகும்.

சரியான முறை: சாய்தளம் முடியும் கோட்டில் தரையை 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு, ஓர் அடி அகலத்துக்கு வெட்டி, கான்கிரீட் அந்தப் பள்ளத்துக்குள் முழுக் கனத்தோடு இறங்கி முடியும்படி செய்ய வேண்டும். மேல்பரப்பு தரைமட்டத்தோடு சேரும், அடியில் கனம் குறையாது. கம்பியும் அந்தப் பள்ளம்வரை வர வேண்டும்.

அதற்கு அப்பால் 1.5 மீட்டர் சமமான, கெட்டியான தரை. மண்ணோ சரளையோ இருந்தால் இறங்கி வரும் வேகத்தில் முன்சக்கரம் புதையும். எதிர்த்திசையில் தரை மேலேறிப் போனால் அது 1:20க்கு மேல் இருக்கக்கூடாது. இருந்தால் V போல ஒரு மடிப்பு உண்டாகி, கால்பலகை முதலில் தரையைத் தட்டும். குறித்துவைத்த அந்த எண் இங்கேதான் தேவைப்படும்.

தண்ணீர் முழுக்க இங்கேதான் வந்து சேரும். குறுக்கே ஒரு வடிகாலும் கம்பிமூடியும் போடுங்கள். மூடியின் இடைவெளி 13 மி.மீ.க்குள், போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சக்கரம் அப்படியே இறங்கிவிடும்.

ஆளை ஏற்றும் முன்

ஒரு வாளி தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே பாசி பிடிக்கும். கைப்பிடியை இரண்டு பெரியவர்கள் பிடித்து முழு பலத்தோடு உலுக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. இரவில் விளக்கில்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள், எங்கே விளக்கு வேண்டும் என்று தெரிந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் வேறு நிறத்தில் ஒரு பட்டை இருந்தால் பார்வை மங்கியவர்களுக்கு உதவும், வழுக்காத பூச்சாகப் பார்த்துப் பூசுங்கள்.

பிறகு நாற்காலியில் மணல் மூட்டையைக் கட்டி ஏற்றி இறக்குங்கள். அதன்பின் ஆள், பின்னால் ஒருவர் கட்டாயம். நாற்காலியின் பிரேக் நின்ற நாற்காலியை நிறுத்திவைக்கத்தான், உருளும்போது போட்டால் ஆள் முன்னால் எறியப்படுவார். தள்ளுபவருக்குப் பிடி போதாது என்று தோன்றினால், தான் கீழ்ப்பக்கம் நின்று நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை அப்பாவே கைத்தடியின் நுனியால் கீழ் முனையைத் தட்டிப் பார்க்கிறார். டொக் என்று சத்தம் வந்தால் மேலே நிமிர்ந்து பார்க்காமல் திரும்பிவிடுவார். டப் என்று வெறுமையாகக் கேட்டால் என்னைக் கூப்பிடுவார். இதுவரை கூப்பிடவில்லை.